தொட்டித் தண்ணீரில் பொட்டாசியம்

எங்கள் சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களை விரட்டியது புளியங்கொட்டை அளவு உலோகம் ஒன்று. அதைப் போடச் சொன்னவள் நான்.

எண்பதுகளின் நடுவில், கடத்தூர்ப் பக்கம். எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா ஒரு மேல்நிலைப் பள்ளியில் லேப் அட்டெண்டர். பள்ளியில் கழித்துப் போட்ட தனிம அட்டவணை ஒன்றைத் தன் அறைக் கதவில் ஒட்டியிருந்தார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணெண்ணெய்க் குப்பியில் சோடியம் கொண்டுவந்து, துணுக்கு வெட்டி மாட்டுத் தொட்டியில் போடுவார். அது உஸ்ஸென்று தண்ணீர்மேல் ஓடி ஓடிக் காணாமல் போகும். எனக்கு அதைவிடப் பெரிய வித்தை உலகத்தில் கிடையாது.

பாலக்கோட்டுப் பெண்ணை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார். அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். தினமும் சவரம், புதுச் சட்டை. "இந்த எடம் முடிஞ்சிரணும் பாப்பா, சாமியக் கும்புட்டுக்கோ" என்று என்னிடமே கெஞ்சினார்.

பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். அப்பா அதிர்ந்து பேசாதவர். சுத்துப்பட்டில் அவருக்கு அப்படிப் பேர். பெண்ணின் மாமா சொன்னார்: "மூத்தவரப் பாத்தாச்சுங்க. தம்பியும் அப்புடித்தான இருப்பாரு. வேற என்னாங்க பாக்கறது?"

முக்கால்வாசி முடிந்த சம்பந்தம். சித்தப்பாவுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. தன் வித்தையையும் காட்டிவிடத் துடித்தார். அறைக்குள் குப்பியை எடுத்தவரிடம் நான், "சோடியம் சலிச்சுப்போச்சு சித்தப்பா. அட்டையில அதுக்குக் கீழ இருக்குதே, அதப் போடுங்க" என்றேன். அவர் பொட்டாசியக் குப்பியைத் துடைத்து அடுக்கியிருக்கிறாரே தவிர, அதைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தவரில்லை. அன்று பள்ளியிலிருந்து எடுத்துவந்தவற்றில் அந்தக் குப்பியும் இருந்தது. சற்று யோசித்தார்.

"ஒரே வரிசதான பாப்பா. அண்ணன் எப்புடியோ தம்பியும் அப்புடித்தான்."

வந்தவர்கள் உட்கார்ந்திருந்த திண்ணையோரத் தொட்டியில் புளியங்கொட்டை அளவு துண்டைப் போட்டார். அம்மாடி, அந்தச் சத்தம்! ஊதா நிறத்தில் தீ எழுந்து, படாரென்று வெடித்தது. தொட்டித் தண்ணீர் மாமாவின் வேட்டியெங்கும் தெறித்தது. எருது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் மாமா வேட்டியை உதறிவிட்டு எழுந்தார். "அண்ணன் வேற, தம்பி வேறயா இருக்குதுங்களே" என்றார். அவ்வளவுதான். பலகாரத்தைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

காரணம் கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. இரண்டுக்கும் வெளிச்சுற்றில் ஒற்றை எலக்ட்ரான்தான். குணம் ஒத்துப்போவது அதனால். ஆனால் அட்டவணையில் ஒரு படி இறங்கினால் அணுவுக்கு ஒரு சுற்று கூடிவிடுகிறது. கடைசி எலக்ட்ரான் நடுவிலிருந்து இன்னும் தள்ளிப்போக, அதன்மேல் கருவின் பிடி தளர்கிறது. சோடியம் கொஞ்சம் தாமதித்துக் கொடுப்பதைப் பொட்டாசியம் கேட்டதுமே கொடுத்துவிடும்.

அன்று அப்பா வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினார். "யாருடா உனக்கு இந்தப் புத்தியக் குடுத்தது?"

சித்தப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "நானாத்தாண்ணா போட்டேன்" என்றார்.

நான் தப்பித்துக்கொண்ட சந்தோஷத்தில் இருந்தேன். வந்தவர்களுக்காகக் கிண்டிய கேசரி அப்படியே மிச்சம். சித்தப்பா தன் தட்டைத் தொடாமல் தொட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் பங்கையும் நானே தின்றேன்.