மண் வைக்காத கூண்டுகள்

வெங்கடலட்சுமி அக்காவிடம் யார் எதைக் கொடுத்தாலும் பாதி அடுத்தவர் கைக்குப் போய்விடும். சிங்காநல்லூரில் அவர் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் கோழி ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்தால் வாட்ச்மேன், டிரைவர் எல்லோருக்கும் ஒரு கரண்டியாவது உண்டு. தனக்கு மிஞ்சியதா என்று அவர் பார்த்ததே இல்லை.

அப்படிப்பட்டவரிடம் போய் ஒரு சோதனைக்கான கோழி ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஒப்படைத்தேன். என் புத்தியை என்ன சொல்வது!

கூண்டில் மண் தட்டு வைத்தால் முட்டைக்கோழிகள் அதில் புரண்டு குளிக்கும். அப்போது ஒன்றின் இறகை ஒன்று கொத்திப் பிடுங்குவது குறையுமா? இதுதான் கேள்வி. சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிக் கூண்டுகளுக்கு மண் வைத்தோம். மீதிக்கு வைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மண் இல்லாத கூண்டும் வேண்டுமே. என்னோடு வேலை செய்யும் பிரத்யுஷா, கோழிகளைத் தனி அறையில் பார்த்து இறகுக்கு மதிப்பெண் போடுவாள். எது எந்தக் கூண்டுக் கோழி என்று அவளுக்குச் சொல்ல மாட்டோம். பெருந்துறை அருகே கம்பெனி கட்டப்போகும் பெரிய ஷெட்டுகளில் மண் தட்டு வருமா வராதா என்பது இந்த முடிவில்தான் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறகு. எனக்குத் தலை சுற்றியது. மண் தட்டுச் செலவு மிச்சம் என்று மேனேஜர் வரதராஜுலுவுக்கு வாயெல்லாம் பல்.

"மண்ணு வேண்டாம்னு கோழியே சொல்லிருச்சுங்களே" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் வந்தார். "ஏனுங்க தம்பி, இனி எல்லாக் கோழிக்கும் மண்ணு வெச்சுருவாங்கதானுங்க?"

"எதுக்குமே இல்லீங்கக்கா. மண்ணு இல்லாத கோழியும் நல்லாத்தான் இருக்குதாம்."

அவர் முகம் வெளுத்துப்போனது. "அதுகளுக்கும் நானு வெச்சனுங்களே."

தினமும் நாங்கள் கிளம்பிய பிறகு, மண் வைக்காத கூண்டுகளிலும் கொஞ்ச நேரம் தட்டை வைத்து எடுத்திருக்கிறார். பிறகு எங்கிருந்து வித்தியாசம் வரும்?

"வெறுங்கம்பி மேல படுத்துட்டு, மண்ணு இருக்கறாப்புலயே றெக்கைய அடிச்சுக்குதுங்க தம்பி. பக்கத்துக் கூண்டுல மண்ணு பறக்குது. பந்தியில ஒரு எலைக்குப் பலகாரம் வெச்சுப்போட்டு அடுத்த எலைய உட்டுட்டுப் போவீங்களா நீங்க?"

"உங்க எரக்கத்தாலதானுங்க இனி ஒரு கோழிக்கும் மண்ணு கெடைக்காது!" என்று கத்திவிட்டேன். நான் சொன்னது உண்மைதான். ஆனாலும் அவர் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. புள்ளியியல் படித்த காலத்தில், ஒப்பிட வைத்த கூண்டுக்குள்ளும் உயிர் இருக்கிறது என்று யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை.

வரதராஜுலுவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, புதுக் கோழிகளை வைத்து இன்னொரு முறை செய்ய அனுமதி வாங்கினேன். ஷெட்டை வேறு ஆளிடம் கொடுக்க நினைத்தேன். அக்கா விடவில்லை.

"நானு கெடுத்தது. நானே பாக்கறனுங்க."

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். மண் இல்லாத கூண்டுகளுக்குத் தீவனம் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண்ணை மூடலாம், கோழிகள் கம்பியில் உரசும் சத்தத்தை என்ன செய்வது? மத்தியானம் தூக்குப்போசி எப்போதும் போல எல்லோரிடமும் போய் வந்தது. அவர்தான் சரியாகச் சாப்பிடவில்லை. பிரத்யுஷா வற்புறுத்தினாலும் பசியில்லை என்றுவிடுவார்.

போன வாரம் ஷெட்டிலிருந்து நேராக என் மேசைக்கு வந்து நின்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, மண்ணு வெக்காத கோழிக்கெல்லாம் முதுகுல றெக்கை போயிருச்சுங்க. தோலு செவந்து கெடக்குது."

நான் கணக்கு நோட்டை எடுத்துப் பிரித்தேன்.

"இப்ப நல்லதுதானுங்களே?" என்று கேட்டார்.