தங்கப் பல்லியும் ஒரே ஒரு பட்டுக் கடையும்

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது வாத்தியார் வேலை. ராத்திரி பகல் பார்க்காமல் இணையத்தைப் படித்துத் தள்ளுகிற கம்ப்யூட்டருக்கு "இது சரி, இது தப்பு" என்று டிக் அடிப்பது என் வேலை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் நானும் ரேவதியும் உட்கார்ந்திருக்கிறோம். கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றதெல்லாம் தினமும் காலையில் பட்டியலாக வந்து நிற்கும். தப்பு மிஞ்சினால் கம்பெனி திட்டத்தையே மூடிவிடும். தப்பே இல்லாவிட்டால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். அடுத்தவர் தப்பைத் திருத்திப் பிழைக்கும் அன்பர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

சமையல்கட்டுப் புதையல்

ஒரு திங்கட்கிழமை, பட்டியலின் முதல் வரியே "பல்லி தங்கத்தால் ஆனது." சந்தேகமே இல்லை என்று பக்கத்தில் குறிப்பு வேறு. எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்துபோனவர்கள் எல்லாம் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டதை எழுதி வைத்திருக்கிறார்கள். சுவரில் ஓடுகிற பல்லியைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? பாவம், அது படித்த பல்லியெல்லாம் தங்கம். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. ரேவதி மட்டும் சிரிக்காமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு சமையல்கட்டுல மட்டும் பதினோரு பல்லி ஓடிக்கினு இருக்குதுபா. வித்தா அக்கா கல்யாணத்த முடிச்சிடலாம்."

திருத்தப்போய் வந்த வினை

தப்பு என்று அடித்தேன். அதோடு விட்டதா? மறுநாள் அதுவே யோசித்து, காஞ்சிபுரத்தில் தங்கம் என்று சொல்லப்படுவது எதுவுமே தங்கமில்லை, புடவை ஜரிகை உட்பட, என்று முடிவுகட்டிவிட்டது. கீழ்க்கடை முதலாளி ஏகாம்பரம்தான் எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டவர். காபி டம்ளரோடு மேலே வந்து, "இன்னிக்கு இன்னா படிச்சிது?" என்று விசாரிப்பது அவர் வழக்கம். திரையை மறைக்கப் பார்த்தேன்; அதற்குள் படித்துவிட்டார்.

"பல்லி மேல கோவம்னா பல்லியோட வெச்சுக்கோபா. என் புடவைய ஏன் இழுக்கிறே?"

ஊருக்கே ஒரு கடை

எங்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்க, தலைமை அலுவலகத்திலிருந்து மாலதி மேடம் வந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து பல்லி, ஜரிகை எல்லாவற்றையும் சரிசெய்து வைத்திருந்தோம். மேடம் கேட்ட கேள்விக்கெல்லாம் கம்ப்யூட்டரிடமிருந்து டாண் டாண் என்று பதில் வந்தது. எனக்கு ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் வேலை போகிறதே என்ற கவலை. கடைசியில், வந்த கையோடு ஒரு புடவை எடுக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "காஞ்சிபுரத்தில் அசல் பட்டுக் கடை எத்தனை?" என்று தட்டினார்.

"ஒன்று. அதற்குப் பல பெயர்கள் உண்டு" என்றது.

அதன்மேல் குற்றமில்லை. எந்தக் கடையின் பக்கத்தைத் திறந்தாலும் "அசல் பட்டுக்கு ஒரே இடம்" என்றுதானே போட்டிருக்கிறது. மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இத தனியா விட முடியாது, நீங்க ரெண்டு பேரும் இருங்க" என்றார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஏகாம்பரம் உள்ளே வந்து மேடத்தின் பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணுதான்னு மெஷினே சொல்லிடுச்சு. வாங்கம்மா, கீழதான் இருக்குது."

மாணவன் தேறினால் வாத்தியாருக்கு வேலை போகிற பள்ளிக்கூடம் எங்களுடையது; நல்லவேளை, பையன் இன்னும் பெயில்தான்.