கார்ம்னி எழுதிய எண்கள்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எழுத்தர் விரித்துப் பிடித்த வாக்குச்சீட்டில் இருந்த எண்களை விஸ்தின் அடையாளம் கண்டுகொண்டார். அடியில் சின்னப் பாதம் வைத்த ஒன்று. சற்றுத் தள்ளி, வால் நுனியில் முடிச்சுப் போட்ட இரண்டு. அதற்குக் கீழே இருந்ததை எழுத்தரின் கை மறைத்திருந்தது. அடுத்த நொடி சீட்டு ஒரு கட்டுக்குப் போய்விட்டது.

அவை அவர் மனைவி கார்ம்னியின் எண்கள். கார்ம்னி இறந்து ஏழு மாதமாகிறது.

மால்டாவின் ஸப்பார் ஊரில், லோட்டோ என்னும் பரிசுச்சீட்டு விற்கும் கடையில் இருபது வருடங்களுக்கு மேல் உட்கார்ந்து எண் எழுதியவர் கார்ம்னி. ஒன்றை யாரும் நான்காகவோ ஏழாகவோ திருத்திவிடக் கூடாது என்று அதற்குப் பாதம் வைப்பார். இரண்டின் வாலை முடிச்சிட்டு அடைப்பார். ஊரில் எல்லோர் சட்டைப் பையிலும் அந்த எண்கள் இருந்தன. அப்படி எழுத அவரைத் தவிர ஒரே ஒருத்திக்குத்தான் வரும். அது அவர்கள் மகள் மரூஷ்கா. லோட்டோ கடை மேசைக்கு அடியில் உட்கார்ந்து எழுதப் பழகியவள். இப்போது லக்சம்பர்க்கில் ஒரு ஹோட்டலில் வேலை. ஓட்டுப் போட வருகிறவர்களுக்கென்று விடும் மலிவுக் கட்டண விமானத்தில் வந்து வீட்டில்தான் இருக்கிறாள்.

அவளாகத்தான் இருக்கும் என்று விஸ்தின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லியும் கண் அந்தக் கட்டை விட்டு நகரவில்லை.

விஸ்தின் கப்பல் பட்டறையில் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். கட்சி அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது. வீடும் கண் நிறமும் வந்த மாதிரி. வேலை முடிந்தால் கட்சி கிளப், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தாலும் கட்சி கிளப். தேர்தல் வந்தால் நஷ்ஷார் ஊரின் வாக்கு எண்ணிக்கைக் கூடத்தில் கண்ணாடியில் நெற்றி ஒட்ட நிற்கும் முகவர்களில் அவர் ஒருவர். கார்ம்னி பிறந்தது எதிர்க்கட்சி வீட்டில். கல்யாணத்தோடு அவரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கார்ம்னியிடம் யாரும் கேட்கவில்லை. விஸ்தினும் கேட்கவில்லை.

இத்தனை தேர்தல்களில் சொந்த ஊர்ச் சீட்டுகள் வரும் மேசையில் அவரை ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. கட்சி முகவர்களுக்கு மேசை பிரித்துக் கொடுப்பவர் அவர் நண்பர் சால்வு. இந்த முறைதான், ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மால்டா முதன்முதலாக ஓட்டுப் போட்டதால், நாடு முழுக்க ஒரே தொகுதி. எல்லா ஊர்ச் சீட்டும் எல்லா மேசைக்கும் வந்தது.

அந்த வாரம் இருபத்தைந்து நாடுகள் அதே நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டன. "பெரும்பாலான நாட்டுல கட்சிப் பட்டியல்ல ஒரு கோடு போட்டா முடிஞ்சுதுப்பா. யார் கோடுன்னு யாருக்குத் தெரியும்?" என்று மரூஷ்கா முந்தின நாள்தான் சிரித்திருந்தாள். இங்கே கோடு போட்டால் போதாது. பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அப்புறம் மூன்று என்று தன் கையால் எண் எழுத வேண்டும். ஒருவர் தோற்று விலக்கப்பட்டால் அவருடைய சீட்டுகள் சாவதில்லை. ஒவ்வொன்றிலும் அடுத்த எண் யாருக்கோ, அவர் கட்டுக்கு எழுந்து போகும். அவரும் விலக்கப்பட்டால் மறுபடி எழும்.

அந்தச் சீட்டும் எழுந்தது. அதன் ஒன்று, தேர்தல்தோறும் தனியாக நின்று தோற்கும் ஒரு கிழவருக்கு. அவர் முதலில் விலக்கப்பட்டபோது அது மீண்டும் கண்ணாடிக்கு முன்னால் வந்தது. இந்தத் தடவை மேசையின் இப்பக்கமாக, இன்னும் கிட்டத்தில். இரண்டு, சின்னக் கட்சிப் பெண் ஒருவருக்கு. அங்கே போய்ப் படுத்தது. கீழ்ப்பாதி அப்போதும் தெரியவில்லை. கூடத்தில் அத்தனை மின்விசிறிகள், அத்தனை கூச்சல். விஸ்தினின் காதில் மட்டும் பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அவர் முகத்துக்குப் பின்னால் பல முகங்கள் தெரிந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இடைவேளையில் வெளியே பஸ்திஸ்ஸி பலகாரம் விற்கும் வண்டியருகே ரேனு நின்றிருந்தார். எதிர்க்கட்சி முகவர், ஒரே தெருக்காரர்.

"என்னய்யா, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு? இப்பவே தோத்துட்டீங்களா?"

"உங்க ஆளுக்கு நாலு ஓட்டு சேர்த்து விழுந்தா மாலை வாங்கப் போயிடுவீங்களே. தின்னு." விஸ்தின் குரலைத் தாழ்த்தினார். "ரேனு, கார்ம்னி எண்ணை உள்ளே எப்பவாவது பார்த்திருக்கியா?"

ரேனு மெல்லுவதை நிறுத்தினார். "அத ஏன் இப்போ கேக்கறே?"

"பார்த்திருக்கியா?"

"ஒவ்வொரு தேர்தல்லயும் பார்ப்பேன். சால்வுவும் பார்ப்பான்."

"எந்தக் கட்டுல?"

"அத நீ கார்ம்னிகிட்டயே கேட்டிருக்கணும், விஸ்தின்." மீதியைத் தாளில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரேனு உள்ளே போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் சின்னக் கட்சிப் பெண்ணும் விலக்கப்பட்டார். இருந்தது கடைசி இடம் ஒன்று. அதற்கு விஸ்தினின் கட்சிக்காரர் ஒருவர், ரேனுவின் கட்சிக்காரர் ஒருவர். வித்தியாசம் கைவிரலில் எண்ணுகிற மாதிரி இருந்தது. இரண்டு கட்சி முகவர்களும் ஒவ்வொரு சீட்டையும் அடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். எழுதியவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் அடையாளம் எது இருந்தாலும் அந்தச் சீட்டு செல்லாது என்பது விதி.

சீட்டு வந்தது. இந்தத் தடவை எழுத்தர் அதை முழுதாக விரித்துக் கண்ணாடியில் வைத்தே காட்டினார். மூன்று, ரேனுவின் கட்சிக்காரருக்கு. விஸ்தினின் கட்சியில் ஒருவர் பெயருக்கு எதிரிலும் எதுவும் இல்லை.

சால்வு அவர் விலாவில் இடித்தார். "நிறுத்தச் சொல்லுடா. இது கார்ம்னி கை. ஊருக்கே தெரியும்."

"கார்ம்னி செத்துப் போயிட்டா, சால்வு."

"அப்போ உன் மக. யாரா இருந்தா என்ன? யார் கைன்னு தெரிஞ்சாலே சீட்டு செல்லாது. சொல்லு."

"உனக்கு எத்தனை வருஷமா தெரியும்?"

சால்வு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அத வீட்ல பேசிக்கலாம். இப்போ ஓட்டு போகுது."

சால்வுவே கையை உயர்த்தினார். மேற்பார்வை அதிகாரியம்மா வந்தார். "என்ன ஆட்சேபம்?"

"எழுதினது யாருன்னு தெரியுதுங்க. அந்த ஒன்றைப் பாருங்க. இவர் வீட்டுக் கை. இவரையே கேளுங்க."

அதிகாரியம்மா விஸ்தினைப் பார்த்தார். கண்ணாடியின் இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. ரேனு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எழுத்தை உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் சீட்டு சாகும். கட்சி பிழைத்தாலும் பிழைக்கும். கூடவே, பெண்டாட்டி படுக்கையில் ஒரு கட்சியும் ஓட்டுப் பெட்டியில் ஒரு கட்சியுமாக இருந்தாள் என்று இன்றைக்கே கிளப்பில் சிரிப்பார்கள். மரூஷ்காவை வீதியில் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். ஆனால் விஸ்தினின் மனத்தில் ஓடியது இவை எதுவும் இல்லை. கார்ம்னி இத்தனை வருடமும் தனக்கென்று வைத்திருந்தது இது ஒன்றுதான். அதையும் தன் வாயால் பிடுங்குவதா?

அவர் நெற்றி பட்டிருந்த இடத்தில் மட்டும் கண்ணாடி குளிர்ந்திருந்தது.

"தெரியாதுங்க," என்றார். "இந்தக் கையை நான் பார்த்ததே இல்லை."

"செல்லும்," என்றார் அதிகாரியம்மா. சீட்டு ரேனுவின் கட்சிக்காரர் கட்டுக்குப் போனது. சால்வு வேறு மேசைக்கு நகர்ந்தார். எதிர்க்கட்சி முகவர்கள் கண்ணாடியை உள்ளங்கைகளால் அடித்து வெற்றியைக் கொண்டாட ஆரம்பித்தபோது விஸ்தின் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

வீட்டில் மரூஷ்கா ரொட்டியில் தக்காளி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தோத்தாச்சா? ரேடியோல சொன்னாங்க."

"உன் ஓட்டு பத்திரமா இருக்கு," என்றார் விஸ்தின். "செல்லாம ஆக்கப் பார்த்தாங்க. நான் விடலை."

"எந்த ஓட்டுப்பா?"

அவர் சொன்னார். பாதம் வைத்த ஒன்று, முடிச்சிட்ட இரண்டு, மூன்று யாருக்கு என்பது, தான் தெரியாது என்று சொன்னது, எல்லாவற்றையும். மரூஷ்கா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"நான் ஓட்டுப் போடவே போகலைப்பா. டிக்கெட் மலிவா கிடைச்சுது, உங்களைப் பார்க்க வந்தேன். ஓட்டுப் போடற அன்னிக்கு, சனிக்கிழமை பூரா அம்மா கல்லறையிலதான் உட்கார்ந்திருந்தேன்."

பால்கனிக் கதவு திறந்திருந்தது. தெருவில் எதிர்க்கட்சிக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மரூஷ்கா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வேற யாராவது இருக்கும்ப்பா," என்றாள் கடைசியில். "அம்மாகிட்ட எத்தனை பேர் லோட்டோ எழுதினாங்க. யாராவது அதைப் பார்த்து எழுதக் கத்துக்கிட்டிருப்பாங்க. நீங்க தெரியாதுன்னு சொன்னதுதான் சரி."

"இல்லம்மா." விஸ்தின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அது அவ கைதான்."