அத்தாயி அக்காவின் கல்யாணக் கேசட்

கொல்லிமலைக் கல்யாணங்களில் அத்தாயி அக்காவின் வாய்க்குத் தப்பிய மாப்பிள்ளை வீட்டார் கிடையாது. மரவள்ளிக் காட்டில் களை வெட்டிய கையோடு வருவார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். யாருக்கு மூக்கு நீளம், யார் இரவல் சட்டையில் வந்திருக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பார்வையிலேயே பிடிபட்டுவிடும். பிறகு பாட்டு. கேலி யார் மேல் விழுகிறதோ அவர் பதில் சொல்லியாக வேண்டும். பாடத் தெரிந்தால் பாட்டு, தெரியாவிட்டால் ஒரு கத்தலாவது. பதில் வந்தால்தான் அக்காவுக்கு அடுத்த அடி வரும்.

நான் அர்த்தனாரி. மலைமேல் சோளக்காடு என்கிற ஊரிலிருந்து பலாப்பழமும் மிளகும் அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு இறக்குகிற வேன் என்னுடையது. என் கல்யாணத்தில் அக்கா என் காதைப் பற்றிப் பாடியதை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

சேந்தமங்கலத்தில் மைக் செட்டும் கேசட் கடையும் வைத்திருந்தவர் பீர் முகமது பாய். தங்கமான மனுஷர், ஆனால் சத்த விஷயத்தில் பைத்தியம். பாட்டில் ஒரு தும்மல் கேட்டாலும் அவருக்குச் சோறு இறங்காது. அக்காவின் பாட்டை ஒரு கல்யாணத்தில் கேட்டுவிட்டு, கேசட் போட்டே தீருவேன் என்று நின்றார். தொண்ணூற்றெட்டில் அக்காவை டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். வேனை ஓட்டியது நான்.

அங்கே அக்காவைக் கண்ணாடி அறைக்குள் தனியாக நிறுத்தி, காதில் எதையோ மாட்டிக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு அடி பாடிவிட்டு அக்கா நிறுத்தினார். கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஆளைப் பார்த்து, "ஏனுங்க, நான் பாடறது ஒங்களுக்குக் கேக்குதுங்களா?" என்றார். அந்த ஆள் தலையைத் தூக்காமல், பாடு பாடு என்று கையை ஆட்டினான். அக்கா திரும்பத் தொடங்கினார், திரும்ப நின்றார். கடைசியில் அவன் வெளியே வந்து, அக்கா காதில் விழும்படியே, "இது பாடற ஆளே இல்லீங்க பாய், வேற யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே அறைந்திருப்பேன், பாய் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் மலை ஏறுவதற்குள் செய்தி ஏறிவிட்டது. ஊரையே கேலி செய்தவரை ஊர் பரிதாபமாகப் பார்த்தது. கேலியைத் தாங்குவார் அக்கா, பரிதாபத்தை எப்படித் தாங்குவார்? அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் வாயைத் திறக்கவில்லை. வந்தார், மொய் வைத்தார், சாப்பிட்டார், போனார். "டவுன்காரனுக்கே தெரிஞ்சு போச்சு, எனக்குப் பாடத் தெரியாதுன்னு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னபோது, அவர் அதை நம்பிவிட்டார் என்று புரிந்தது.

அடுத்த வருஷம் வைகாசியில் அக்காவின் தம்பி மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். தேன்மொழி அத்தைக்குக் குறைந்த வாய் இல்லை. "அத்தை பாடலீன்னா நான் மணையில உக்கார மாட்டேன். மாப்பிள்ளையை வேணும்னா அத்தைக்கே கட்டி வைங்க" என்று சொல்லிவிட்டாள். அக்கா அழுதார், திட்டினார், கடைசியில் ஒப்புக்கொண்டார். இந்தத் தடவையும் வாய் எழும்பாவிட்டால் இனி ஜென்மத்துக்கும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பாய் ரெக்கார்டரோடு வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். மைக்கைப் பிடித்து, "பெரியோர்களே, ரெக்கார்டிங் நடக்கப் போவுது. யாரும் சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, கொழந்தைங்களை அப்பால தூக்கிட்டுப் போயிருங்க" என்று அறிவித்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பாய் மூடிக் காட்டினார். எங்கள் சனம் மரியாதை தெரிந்த சனம், சொன்னபடி கல்லாக உட்கார்ந்துவிட்டது.

அக்கா மாப்பிள்ளையின் தாய்மாமன் மாதேஸ்வரனைப் பிடித்தார்.

"மீசை முன்னால் வந்துச்சு, மாமன் பின்னால் வந்தாரு – மொய்யி
ஓசை கேட்ட மாத்திரத்தில் ஒளிஞ்சு எங்க போனாரு?"

மாதேஸ்வரன் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினார், பதில் சொல்லவில்லை. அக்கா இன்னொரு அடி எடுத்தார். பந்தல் மூச்சுவிடவில்லை. குரல் இறங்கியது, இறங்கி நின்றே போனது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கண்ணாடி அறையில் இருந்த அதே முகம்.

அக்கா மெதுவாக எழுந்தார். "ஏஞ்சாமி, இங்க யாராச்சும் செத்துப் போயிட்டாங்களா? கல்யாண ஊட்டுல பதிலில்லாம நான் யாருக்குப் பாடறது?" என்றார். பாய் மட்டும் பதறி, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமல், "பாடுங்கக்கா, பாடுங்க" என்று கையை ஆட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் அக்காவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்குப் பாட்டும் வரும்.

"வயரை எல்லாம் கழுத்துல மாட்டி வந்த பாயே – எங்க
வாயை எல்லாம் பூட்டிப்புட்டுச் சாவி எங்க பாயே?"

பந்தல் முழுக்கப் பாயைத் திரும்பிப் பார்த்தது. கேலி விழுந்தவர் பதில் சொல்ல வேண்டும். வாய் திறந்தால் அவருடைய சுத்தமான ரெக்கார்டிங் போச்சு. பாய் ரெக்கார்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். காதில் இருந்ததைக் கழற்றி வீசிவிட்டு, கட்டை வண்டி மேடு ஏறுகிற குரலில் பாடினார்:

"தெரியாமப் பூட்டிப்புட்டேன், திட்டாதீங்க அக்கா – இந்தா
தொறந்துவுட்டேன் எல்லா வாயும், தொடங்கிப் பாடுங்க அக்கா!"

அவ்வளவுதான். அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் ஒரே வெடியாக வெடித்தது. மாதேஸ்வரன் துண்டை உருவி எறிந்து, "ஒளியலீங்க, பந்தியில ரெண்டாந்தரம் உக்காந்திருந்தேன்!" என்று கத்தினார். அக்கா அதைப் பிடித்தார், அதற்கு மேல் ஒன்று போட்டார். பந்திச் சோறு ஆறிப்போகும் வரைக்கும் பாடினார். தேன்மொழி மணையில் உட்கார்ந்தபடியே மாப்பிள்ளைக்குப் பதில் எடுத்துக் கொடுத்தாள்.

கேசட்டைக் கடையில் போட்டுக் கேட்ட பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். குழந்தை அழுகிறது, சேவல் கூவுகிறது, யாரோ "பாயசம் அடி புடிக்குது" என்று அலறுகிறார்கள். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அக்காவின் குரலை மட்டும் வைக்கலாம் என்றார். அவர் மனைவி தில்ஷாத் பேகம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "வெட்டினீங்கன்னா அந்தக்கா மறுபடியும் கண்ணாடி ரூமுக்குள்ள போயிருவாங்க. இந்தச் சனம் இருக்கறதாலதான் அவங்க பாடறாங்க, கேக்கலியா ஒங்களுக்கு?" என்றார். அந்த ஸ்டூடியோக்காரனுக்குப் புரியாதது இவருக்குப் புரிந்திருந்தது. பாடுகிறவரும் பாட வைக்கிறவர்களும் சேர்ந்து இருந்தால்தான் அது கேசட். பாய் தன் ஓட்டைக் குரலைக்கூட வெட்டவில்லை.

அக்காவுக்கோ பயம். "டவுன்காரன் மறுபடியும் ஏதாச்சும் சொல்லுவான், சனம் பாவம்னு பாக்கும்" என்று கேசட் வெளிவந்ததிலிருந்து மலையை விட்டே இறங்கவில்லை, சந்தைப் பக்கமும் வரவில்லை. மிளகு விற்றாக வேண்டிய ஒருநாள் வேறு வழியில்லாமல் மலைமேல் இருக்கும் செம்மேட்டுச் சந்தைக்கு வந்தார். என் வேன் மேல் பாய் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கேசட்டைப் போட்டிருந்தார். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

மீசைப் பாட்டு வந்தது. ஸ்பீக்கரில் மாதேஸ்வரன் வாயைத் திறப்பதற்குள் கொய்யா விற்றவள் பதில் சொன்னாள். துணிக் கடைக்காரர் சொன்னார். அந்தக் கல்யாணத்துக்கு வராத, அக்காவைப் பார்த்தே அறியாத சனம், ஒவ்வொரு அடிக்கும் சந்தை முழுக்கப் பதில் கத்தியது. அக்கா மிளகு மூட்டையை அப்படியே கீழே வைத்தார். கண்ணில் நீர் வழிந்தது. எனக்கும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

முக்காடு தோளுக்கு இறங்கியது. "ஏனுங்க, அந்தப் பொட்டிக்கு மட்டுந்தான் பதில் சொல்லுவீங்களா?" என்று அக்கா போட்ட சத்தத்தில் சந்தை திரும்பியது. "ஆளு இங்க நிக்கறேன்!"

பீர் முகமது பாய் ஓடிப்போய்த் தன் கேசட்டை நிறுத்தினார்.