தண்ணீருக்கு ஓட்டெடுப்பு

முடிச்சூரில் எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் வரப்போகிறது என்றதும், அதைக் கிழக்கே மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோவதா, மேற்கே ஏரிக்கா என்று வார்டு கூட்டத்தில் ஓட்டுக்கு விட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறியியல் கல்லூரியில் சர்வே பாடம் நடத்துகிறவள் நான். தண்ணீர் மெஜாரிட்டி பார்த்தா ஓடும்? மூன்று நாள் காலையில் கருவி வைத்து மட்டம் எடுத்து, சரிவு மேற்கேதான் என்று படமும் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

"கண்ணுக்கே தெரியுதே மேடம், ரோடு கிழக்காலதான் எறங்குது" என்றார் பால் பூத் அண்ணா. கை தூக்கச் சொன்னார்கள். கிழக்கு ஜெயித்தது.

அப்போதுதான் என் பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா எழுந்தார். மழைக்கு மழை அவர் வீட்டுக்குள்தான் தண்ணீர் புகும். தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். வடிகாலைத் தப்பாகப் போட்டால் அவருக்கு விடிவே கிடையாது.

"இன்னா சார், கை தூக்கினா தண்ணி திரும்பிடுமா? மேடத்தையும் நம்ப வோணாம், உங்களையும் நம்ப வோணாம். ஒரு லாரி தண்ணிய ஊத்திப் பாருங்க!"

கவுன்சிலர் அக்காவுக்கு யோசனை பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டேங்கர் லாரி வந்து நடுத்தெருவில் குழாயைத் திறந்தது. தெருவே டீ டம்ளரோடு கூடி நின்றது. தண்ணீர் கொஞ்சம் தயங்கி, அப்புறம் ஜோராக மேற்கே கிளம்பியது. ஐம்பது வயதில் நான் குதித்தே விட்டேன். எல்லோரும் சாமி ஊர்வலத்துக்குப் போவதுபோல அதன் பின்னாலேயே நடந்தோம்.

டெய்லர் அக்கா வீட்டு வாசலில் அது நின்றது. திரும்பி அவர் வீட்டுக்குள் போனது.

அடுத்த வாசல் என்னுடையது. கார் ஏற நான் கட்டிய சிமென்ட் சரிவு, தெருவுக்குள் இரண்டடி நீட்டிக்கொண்டு அணை போட்டிருந்தது. மட்டம் எடுத்தபோது அதைச் சுற்றிக்கொண்டு நடந்தவளும் நானேதான்.

"மேடம் கணக்கு கரெக்டு, மேடம் வாசல்தான் பேஜாரு!" என்றார் பால் பூத் அண்ணா. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றாலும் எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மறுபடி ஓட்டெடுத்தார்கள், மேற்குக்கு எல்லாக் கையும் உயர்ந்தது.

டெய்லர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ இத்தினி வருசமா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

நான் உள்ளே ஓடிக் கடப்பாரையை எடுத்துவந்து அந்தச் சிமென்ட் சரிவின்மேல் ஓங்கினேன். அது வழுக்கி என் செருப்பருகே விழுந்தது.

"அய்ய, இப்டி குடுங்க மேடம்" என்று வாங்கிய அக்கா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே போடு போட்டார்.