கோலீனின் பாட்டு நின்றபோது

கோலீன் நோவாக் வேலை செய்யும்போது பாடுவாள். வாய் திறந்து அல்ல. மூக்குக்குள்ளேயே ஒரு பழைய பாட்டு, எப்போதும் அதே பாட்டு. அடிலெய்டில் எங்கள் ஆய்வகத்தில் அவளோடு ஒரே மேசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த பூஞ்சை எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது எங்கள் வேலை. சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. வரிசைக்கு ஒரு மருந்து. குழிக்குக் குழி அளவு கூடும். பூஞ்சையின் வித்துகளை எல்லாவற்றிலும் கலந்து இரண்டு நாள் சூட்டுப்பெட்டியில் வைப்போம். குழி தெளிந்திருந்தால் மருந்து வென்றது. வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தால் பூஞ்சை. தட்டின் அடியில் கண்ணாடியைச் சாய்த்து இருவர் தனித்தனியாகப் பார்ப்போம். இரண்டாமவர் முடிக்கும்வரை முதல் ஆள் வாயைத் திறக்கக் கூடாது. பாட்டுக்கு மட்டும் தடையில்லை.

மாதிரிப் பெட்டிகளை வண்டியில் கொண்டுவரும் ட்ரெவ் ஃபிட்ஸ்னர் அந்தப் பாட்டை வைத்தே, இன்றைக்கு யாருக்கோ நல்ல சேதி என்று சொல்லிவிடுவான். அவனுடைய கால்பந்து அணியான போர்ட் தோற்ற வாரத்தில் அவள் வேண்டுமென்றே உரக்கப் பாடுகிறாள் என்பது அவனுடைய நீண்டகாலக் குற்றச்சாட்டு.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், மாதிரி வாங்கும் ஜன்னலில் பெட்டியை வைத்தவன் கையை எடுக்கவில்லை.

"இதுல எம் பொண்ணோடது இருக்கு," என்றான்.

அவன் மகள் கார்லிக்கு ரத்தப் புற்றுநோய் வைத்தியம் நடப்பது எங்களுக்குத் தெரியும். நுரையீரலில் பூஞ்சை பிடித்ததும், கொடுத்த மாத்திரை கேட்காததும் அன்றுதான் தெரிந்தது. முடிவை டாக்டருக்குத்தான் சொல்ல முடியும் என்றாள் கோலீன். தெரியும் என்றான்.

தட்டைப் பார்க்கும் காலையில் அவன் ஜன்னலருகே நின்றான். கொடுக்க அன்றைக்குப் பெட்டியே இல்லை.

கோலீன் பாடிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். முதல் வரிசையைக் கடக்கும்போது பாட்டு மெலிந்தது. இரண்டாவதில் நின்றுவிட்டது.

"ஏன் கோலீன் நிறுத்திட்ட?"

"தொண்டை கரகரங்குது, ட்ரெவ்."

"ஃப்ளூ வந்தப்பகூட பாடினியே."

அவள் மறுபடி தொடங்கிப் பார்த்தாள். சுருதி எங்கோ போய் விழுந்தது. அதற்குப் பாடாமலே இருந்திருக்கலாம்.

என் முறை வந்தது. அவள் தட்டைத் தந்தாள். பாட்டு நின்றதை நான் கேட்டிருக்கக் கூடாது. முதல் வரிசை, கடைசிக் குழிவரை வெள்ளை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில்கூட ஒரு குழியும் தெளியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்கக் கழுத்தை இறுக்கிக்கொண்டேன்.

ஆனால் மூன்றாவது மருந்து பூஞ்சையைப் படரவிடாமல் குறுக்கும் ஜாதி; அந்த வரிசையில் தெளிவைத் தேடக் கூடாது, உருவத்தைப் பார்க்க வேண்டும். மருந்தே இல்லாத குழியோடு ஒப்பிட்டேன். அங்கே பஞ்சு விளிம்புவரை விரிந்திருந்தது. இங்கே கடுகு கடுகாகச் சுருண்டு கிடந்தது. நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகளின் நுனிகள் மொட்டையாகத் தெரிந்தன; மருந்து பிடித்திருக்கிறது.

நான் நிமிர்ந்ததும் கோலீன், "மூணாவது?" என்றாள்.

"மூணாவதுதான்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரை அழைத்தாள். மூன்றாவது மருந்து பூஞ்சையைக் கட்டிப்போடும், கொல்லும் என்று சொல்ல முடியாது என்றாளாம். திரும்பி வந்தபோதும் ட்ரெவ் நின்றுகொண்டிருந்தான்.

மருந்தை மாற்றினார்கள். அதன் பிறகு கோலீன் யார் தட்டுக்கும் பாடவில்லை. பாடினால் அவன் நம்பிவிடுவான். அவன் வந்து போகும் நேரத்தில் மட்டும் நிறுத்தினால் பயந்துவிடுவான். வாரக்கணக்கில் சூட்டுப்பெட்டியின் இரைச்சல் மட்டும்தான் அறையில்.

கார்லியின் அடுத்த மாதிரி வந்தது. நாள்தோறும் எடுத்துப் பார்த்தோம். ஒரு பொட்டுகூட முளைக்கவில்லை. முளைக்காதது நல்ல அடையாளம், அவ்வளவுதான். கோலீன் அதை டாக்டருக்கு அனுப்பினாள்.

மறுநாள் ட்ரெவ் பெட்டியை வைக்கும்போது அவள் பாடிக்கொண்டிருந்தாள், உரக்க.

அவன் கை பெட்டியின் மேலேயே இருந்தது. அப்புறம் சொன்னான்: "இந்த வாரம் போர்ட் ஜெயிச்சிடுச்சு. தெரியுமில்ல?"

"தெரியும்," என்றாள். நிறுத்தவில்லை.