சீசன் வேகம்

தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டால் நாங்கள் ஏசியை அணைத்துவிடுவோம். நான் ஒரு படி மேலே போய், கம்ப்யூட்டரின் வேகத்தையும் கூட்டிவிடுவேன். கல்யாண வீடியோ எடுத்து, வீட்டு மாடியிலேயே எடிட் செய்து கொடுப்பது என் தொழில். செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வர ஆரம்பித்ததும் ஜன்னலைத் திறந்து வைத்து, தயாரித்தவன் குறித்த அளவுக்கு மேல் பிராசசரையும் ரேமையும் ஓட்டுவேன். அதற்கு ‘சீசன் வேகம்’ என்று பெயர் வேறு வைத்திருந்தேன். வேகத்தால் ஏறும் சூட்டைத் தணிக்கக் குளிர்காற்று சும்மா கிடைக்கும்போது மெதுவாக ஓட்டுகிறவன் மடையன் என்று மற்ற வீடியோக்காரர்களிடம் பீற்றிக்கொள்வதும் உண்டு.

இந்த ஆண்டு கம்ப்யூட்டர் அவ்வப்போது படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒரே ஒரு வேலை கொடுத்தால் சாதுவாகச் செய்யும். ஒரு பக்கம் எடிட் செய்ததை முழுப் படமாக்கும் ரெண்டர், மறுபக்கம் ஆல்பம் டிசைன், நடுவில் கேமரா கார்டிலிருந்து காப்பி என்று மூன்றையும் சேர்த்துப் போட்டால் நான்கு நாள் ஓடும், ஐந்தாம் நாள் நீலத்திரை காட்டி நின்றுவிடும். தினமும் நின்றால் காரணத்தைப் பிடித்துவிடலாம். எப்போதாவது நிற்கிற சனியனை என்ன செய்வது?

யுபிஎஸ்ஸை மாற்றினேன். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். சாஃப்ட்வேரை அழித்துத் திரும்ப ஏற்றினேன். சூட்டை மட்டும் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் குளுகுளுவென்றுதான் இருந்தது. சூடு இல்லை என்றால் வேகத்தின் மேல் குற்றமில்லை என்று முடிவு கட்டினேன்.

ஆல்பம் டிசைன் செய்வது என் மனைவி. "அந்த வேகத்தக் கொஞ்சம் கொறச்சுதான் பாருங்களேன்" என்றாள்.

"சூடே இல்லங்கேன். நீ பாட்டப் போட்டுக்கிட்டு டிசைன் பண்ணுதேல்லா, அதான் கோளாறு" என்று எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து அவள் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் படுப்பதை விடவில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனியில் எடுத்ததையெல்லாம் முடித்துக் கொடுக்கிற மாதம் அது. ஒரு நாள் வடகரையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவள் கல்யாணத்தை ஆனியில் நான்தான் எடுத்திருந்தேன். அவள் அப்பா தென்னை விவசாயி. கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம் நெஞ்சுவலியில் போய்விட்டாராம். எனக்கு அதுவரை தெரியாது.

"முழு வீடியோ மெதுவாத் தாங்க அண்ணாச்சி. ரிசப்ஷன்ல அப்பா மைக்கப் புடிச்சுப் பேசுனாவல்லா, அத மட்டும் முதல்ல தாங்க. நான் அப்ப சேல மாத்தப் போயிருந்தேன். அம்மா பந்தில நின்னா. வீடியோலதான் வருமேன்னு இருந்துட்டோம்."

"நாளைக்குக் காலைல வாம்மா, எடுத்து வைக்கேன்" என்றேன். பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன்.

அந்த ரிசப்ஷன் வீடியோவைத் திறந்தேன். மேடையில் அவர் மைக்கை வாங்குகிறார், தோள் துண்டைச் சரிசெய்கிறார், தொண்டையைச் செருமுகிறார். "எல்லாருக்கும்..." என்கிறார். உடனே திரை முழுக்கப் பச்சை. கரகரவென்று ஒரு இரைச்சல். அவர் மைக்கைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில்தான் படம் மீண்டும் வந்தது.

இரண்டாவது டிஸ்க்கை மாட்டினேன். அதிலும் அதே சொல், அதே பச்சை. என் வழக்கம் அப்படி: கார்டிலிருந்து ஒரு டிஸ்க்குக்குக் காப்பி, அந்தக் காப்பியிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு, பிறகு கார்டை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்கு. அந்தக் கார்டின் மேல் இன்னும் மூன்று கல்யாணங்கள் ஏறியிருந்தன. அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு மாப்பிள்ளை வந்தார்.

அதன்பிறகுதான், இத்தனை நாள் செய்யாத ஒன்றைச் செய்தேன். ரேமைச் சோதிக்கும் புரோகிராமை ஓட்டினேன். சில நிமிஷங்களிலேயே பிழை பிழை என்று சிவப்பு வரிகள் சரசரவென்று இறங்கின. ரேம் தடுமாறுவதற்குச் சூடு வேண்டியதில்லையாம். வேகம் மட்டுமே போதுமாம். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்ட நாட்களில் எனக்கு எரிச்சல் வந்தது, அவ்வளவுதான். படுக்காமல் ஓடிய நாட்களில்தான், ரேம் வழியாகக் காப்பியான படங்களைச் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கினேன். அதே சோதனையை மறுபடியும் ஓட்டினேன். பொழுதுசாயும்வரை ஒரு சிவப்பு வரிகூட இறங்கவில்லை. என் மனைவி திரையை எட்டிப் பார்த்து, டீயை வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு இன்னும் மஞ்சளாக இருந்தது. போனில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை, அதனால் நேரில் சொன்னேன். தவறு என்னுடையது, கம்ப்யூட்டருடையது அல்ல என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை. அந்தச் சில நொடிகளைப் போடச் சொன்னாள். துண்டைச் சரிசெய்தார், செருமினார், "எல்லாருக்கும்..." என்றார். நான் நிறுத்தினேன்.

அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "மாமாட்ட விசாரிச்சேன். நல்லாப் பேசுனாவன்னுதான் சொல்லுதாவ, என்ன பேசுனாவன்னு சொல்லத் தெரியல. நீங்க முன்னாடியே நின்னிய அண்ணாச்சி. காதுல ஹெட்போன் மாட்டியிருந்திய. ஒங்களுக்குத்தான் நல்லாக் கேட்டிருக்கும். அப்பா என்ன சொன்னாவ? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

அவள் சொன்னது உண்மை. அந்த மண்டபத்திலேயே அவர் குரலை அத்தனை நெருக்கத்தில் கேட்டவன் நான் ஒருவன்தான். அவர் பேசிய இரண்டு நிமிஷம் முழுவதும் அது என் இரண்டு காதுக்குள்ளும் இருந்திருக்கிறது. யோசித்தேன். ஒரு சொல்லாவது வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். கேமராவில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோடு சிவப்புக்குப் போகாமல் பச்சையிலேயே ஆடியது மட்டும்தான் வந்தது.

"சத்தம் நல்லாத் தெளிவா இருந்துச்சும்மா" என்றேன்.